கை பழகிய ஆட்டம்

வாகனம் வைத்திருப்போர் எல்லோரும் தத்தம் வாகனத்தின் குரலை நன்கறிவர். இயந்திரம் சற்றே இருமினாலும் உடனே செவி சாய்ப்பர். ரயரில் காற்றுக் குறைந்தால் இறங்கிப் பார்ப்பர். விளக்கொன்று எரியாவிட்டால் அன்று மாலைக்குள் மாற்றிவிடுவர். ஆனால், ஓட்டுபவரின் இரு கைகளும் நாள் முழுவதும் எதனைப் பற்றியிருக்கின்றனவோ, அந்தச் சுக்கானைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. இஃது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை அண்மையில் நமக்கே ஏற்பட்டது. அதனை இக்கிழமை வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். இதிலே நம்முடைய குற்றமும் உண்டு. அதனை ஒளித்துவிட்டுப் பிறருக்குப் புத்தி கூறினால் எவருக்கும் பயனில்லை.

நம் இல்லத்தில் 1961ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வான் ஒன்று உண்டு. மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர் 1959இல் மினி என்னும் சிறு காரை வகுத்துப் புகழ் பெற்ற அலெக் இசிகோனிஸ் என்பவரே இதனையும் வகுத்தவர். 1953ஆம் ஆண்டு முதல் இதனை வானாகவும் செய்து விற்றார்கள். பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதலில் எட்டிய கார் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வண்டியின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் பெற்றோலும் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள்களாக இருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் முன்னணியில் நின்றன. நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அவையே. பின்னர் 2020ஆம் ஆண்டு நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டியைத் திருத்தி ஓட்டுவது சிக்கனம் மட்டுமன்று. பலருக்கு வேறு வழியே இருக்கவில்லை. நம் மகனும் அவ்வாறே இந்த வானை ஓட்டினான். காலையில் தோட்டத்து மரக்கறியை மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டு செல்வான். திரும்பி வந்து தன் மகளை முன்னாசனத்தில் இருத்திப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவான்.

நாம் சுற்றிய நாடா

ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர் வானின் சுக்கான் வளையத்தில் ஒரு வெடிப்புக் கண்டது. முதலில் மயிரிழைபோல் இருந்தது. பின்னர் விரல் நகம் நுழையுமளவுக்கு விரிந்தது. மழைக்காலம் கழிந்தபோது அவ்வெடிப்பிலிருந்து துருநீர் கசிந்து மகனின் கையில் பழுப்பு நிறமாக ஒட்டியது. "வளையத்தை மாற்ற வேண்டும்" என்று அவன் கூறினான். நாம் மின்கம்பிகளுக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை எடுத்து, வளையத்தைச் சுற்றி அழகாகக் கட்டிக் கொடுத்தோம். கை வழுக்காமல் இருக்கிறது என்று அவனும் மகிழ்ந்தான். வேலை முடிந்தது என்று நாமும் எண்ணினோம்.

சில மாதங்களின் பின்னர் திருகோணமலையிலிருந்து நம் மைத்துனர் வந்திருந்தார். மகனுக்குக் காய்ச்சலாக இருந்தபடியால் பேத்தியைப் பாடசாலையில் விட்டுவரும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில், பேத்தியுடன் வானை மெல்லத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"அத்தான், இதை எப்படி இவ்வளவு நாளும் ஓட்டினீர்கள்? நான் வளையத்தைத் திருப்புகிறேன், வான் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது" என்றார்.

"மாமா, அது பழைய வான். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தானே செய்யும்?" என்று கட்டிலிற் படுத்திருந்த மகன் குரல் கொடுத்தான்.

"கொஞ்சமா? அளந்து பார்ப்போம் வாருங்கள்" என்று மைத்துனர் பேத்தியின் புத்தகப் பையிலிருந்து அடிமட்டத்தை வாங்கிக்கொண்டார்.

வானை நேராக நிறுத்தினோம். வளையத்தின் விளிம்பில் வெண்கட்டியால் ஒரு கோடு இட்டோம். முன்சில்லு அசையத் தொடங்கும் வரை வளையத்தை இரு விரலால் மெல்ல இடப்புறம் திருப்பி, அங்கிருந்து மறுபடியும் சில்லு அசையும் வரை வலப்புறம் திருப்பினார். கோடு ஏறத்தாழ 2 அங்குலம் நகர்ந்திருந்தது. 16 அங்குல விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 அங்குலம். அதில் 2 அங்குலம் என்றால் ஏறத்தாழ 14 பாகை. இக்கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். அந்த 14 பாகைக்குள் ஓட்டுபவர் எதைச் செய்தாலும் சில்லுக்கு அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகிறது. நாயொன்று குறுக்கே பாயும் வேளையில், வளையத்தின் ஆட்டம் முடிந்து சில்லுத் திரும்ப அரைச் செக்கன் சென்றாலும், வண்டி 8 மீற்றர் முன்னே போய்விடும்.

நம்மை வெட்கமுறச் செய்தது ஒன்றுண்டு. வான் ஒரே நாளில் இவ்வாறு ஆகவில்லை. ஒவ்வொரு கிழமையும் மயிரளவு மயிரளவாக ஆட்டம் வளர்ந்தது. அதற்கேற்ப மகனின் கையும் மயிரளவு மயிரளவாகப் பழகிக்கொண்டது. வளைவு வருமுன்னரே வளையத்தைச் சற்றுக் கூடுதலாகத் திருப்ப அவன் கற்றுவிட்டான். தான் அப்படிச் செய்வதை அவனே அறியான். புதிதாகப் பிடித்தவரின் கைக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது, பழகிய கைக்கு ஓராண்டாகியும் தெரியவில்லை.

வளையம் முதல் சில்லு வரை

நிற்க. சுக்கான் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சிறிது விளக்குவோம்.

குதிரை பூட்டிய பழைய நாற்சில்லு வண்டிகளில் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியிற் சுழன்று திரும்பும். கூர்மையான வளைவில் இத்தகைய வண்டி எளிதிற் கவிழும். வளைவிலே உட்புறச் சில்லுச் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லுப் பெரிய வட்டத்திலும் செல்வதால், உட்புறச் சில்லு சற்று அதிகமாகத் திரும்புதல் வேண்டும். இரு சில்லுகளும் தனித்தனியே திரும்பும் இந்த அமைப்பை 1817ஆம் ஆண்டு ஜேர்மனியின் மியூனிக் நகரத்து வண்டித் தச்சரான லங்கன்ஸ்பேகர் வகுத்தார். மறுவருடம் அதனை இங்கிலாந்திற் பதிவு செய்தவர் அக்கர்மன். ஆதலால் இன்றும் அது அக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகின்றது. செய்தவர் பெயர் மறைந்து பதிந்தவர் பெயர் நிலைப்பது உலகியல்புதானே.

முதல் மோட்டார் வண்டிகளுக்கு வளையம் இருக்கவில்லை. தோணியின் சுக்கானுக்கு உள்ளதுபோல ஒரு கைப்பிடித் தடியே இருந்தது. 1894ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து ருவான் நகர் வரை நடந்த மோட்டார் வண்டிப் போட்டியில் அல்பிரட் வஷரோன் என்பவர் தம் வண்டிக்கு வளையம் பொருத்தி ஓட்டினார். தடியைப் பிடிப்பதிலும் வளையத்தைப் பிடிப்பது எளிதென்று கண்டு ஏனையோரும் அதனை மேற்கொண்டனர்.

மொறிஸ் மைனரில் வளையத்தின் நடுவிலிருந்து ஓர் உருக்குத் தண்டு இறங்குகின்றது. அதனைச் சுற்றி ஒரு குழல் உண்டு. குழலின் மேல்முனையில் தண்டு தளும்பாமல் இருக்க ஒரு தாங்கு வளையம் இருக்கும். தண்டின் கீழ்முனை மிதிகளுக்கு அருகே தளத்தைத் துளைத்துச் சென்று, ஒரு சிறு பற்சில்லின் அச்சோடு இணைகின்றது. அப்பற்சில்லு சுழலும்போது, அதனோடு பொருந்திய நீண்ட பற்சட்டம் இடமும் வலமுமாக நகர்ந்து, இரு பக்கத்துக் கோல்களின் வழியாகச் சில்லுகளைத் திருப்புகின்றது. கையின் சிறு பலம் பெரும் பலமாவது எவ்வாறெனில், வளையத்தின் ஆரை 8 அங்குலம். பற்சில்லின் ஆரையோ ஓர் அங்குலத்துக்கும் குறைவு. நெம்புகோலின் விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது.

இவ்வளவு இணைப்புகள் இருப்பதால் ஆட்டம் எங்கேனும் ஓரிடத்திற் பிறக்கலாம். அன்றிப் பல இடங்களிற் சிறிது சிறிதாகச் சேரலாம். பிரித்தானியாவில் நடைபெறும் ஆண்டுப் பரிசோதனையில், 380 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையமும் பற்சட்ட அமைப்பும் உள்ள வண்டிக்கு 13 மில்லிமீற்றர் ஆட்டம் வரை பொறுப்பர். அஃதாவது அரை அங்குலம். நம் வானில் இருந்ததோ அதன் நான்கு மடங்கு.

அடியில் இருந்த குற்றம்

அன்றே மகனின் நண்பர் ஒருவரின் துணையுடன் வானை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய், ஒரு முதிய திருத்துநரின் கராஜில் விட்டோம். எழுபது வயதைத் தாண்டிய அவரை ஊரார் 'அண்ணை' என்றே அழைப்பர். நாம் முன்னாளில் ஆசிரியத் தொழில் பார்த்தவர் ஆதலால் நம்மை அவர் 'மாஸ்ரர்' என்பார்.

"அண்ணை, வளையம் வெடித்துவிட்டது. புதிது கிடைத்தால் போடுங்கள்" என்றோம்.

அவர் வளையத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. "மாஸ்ரர், வளையத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அதன் அடியைப் பார்க்க வேண்டும்" என்று கூறி, தம்மிடம் வேலை பழகும் இளைஞனை ஆசனத்தில் ஏற்றினார். "தம்பி, நான் சொல்லும்போது மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டு" என்று சொல்லிவிட்டு, கைவிளக்குடன் வானின் கீழே சென்றார்.

ஆட்டத்தைத் தேடும் முறை இதுவே. ஒருவர் மேலே அசைக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால், குற்றம் அங்கே இருக்கின்றது. சில்லின் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் சரி, வளையத்தின் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் சரி, ஒன்றையும் விடாமல் வரிசையாகப் பார்த்தல் வேண்டும். ஒரு குற்றத்தைக் கண்டவுடன் தேடுதலை நிறுத்திவிடலாகாது.

சிறிது நேரத்தில் அவர் நம்மை அழைத்துக் காட்டினார். தண்டின் கீழ்முனை பற்சில்லின் அச்சை ஒரு கவ்வியாற் பற்றியிருக்கின்றது. இரண்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிப்பற்கள் உண்டு. கவ்வியை ஒரு போல்ட் இறுக்குகின்றது. அச்சில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியே அந்தப் போல்ட் செல்வதால், கவ்வி சற்றுத் தளர்ந்தாலும் தண்டு கழன்று வெளியே வரமாட்டாது. நம் வானிலோ, அந்தத் துளைக்குரிய போல்ட்டுக்குப் பதிலாக மெல்லிய வேறொரு போல்ட் செருகப்பட்டிருந்தது. நட்டின் கீழே ஸ்பிறிங் வாசரும் இல்லை. கவ்வி இறுகாத காரணத்தால் தண்டு நாள்தோறும் அச்சின்மேல் உரசி உரசி வரிப்பற்களைத் தின்றுவிட்டது. தேய்ந்த இடம் வெள்ளிபோல் மினுங்கியது.

"இது இன்னும் எவ்வளவு காலம் தாங்கியிருக்கும்?" என்று வினவினோம்.

"அது எனக்குத் தெரியாது, மாஸ்ரர். ஆனால் மிச்சப் பல்லும் போகும் நாளில் வளையம் உங்கள் மகனின் கையிற் சுற்றும், சில்லுத் தன் வழியே போகும்" என்றார்.

நாம் வாய் பேசவில்லை. முன்னாசனத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேத்தி அமர்ந்திருக்கும் காட்சி நம் கண்முன் வந்து நின்றது.

அந்தப் போல்ட் எப்படி வந்தது என்பதையும் கூறிவிடுகின்றோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு கராஜில் பற்சட்டத்தைக் கழற்றிப் பூட்டினார்கள். உரிய போல்ட்டுக்கு இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும், "இருப்பதைப் போட்டு இன்றைக்கே தாருங்கள்" என்று அவசரப்படுத்தியவர் நாமேதான். பூட்டியவரின் கை செய்த பிழையிற் பாதி நம் வாயிலிருந்து பிறந்தது.

திருத்திய விதம்

வேலை மூன்று நாள் நடந்தது. முதலிற் பற்றரியின் கம்பியைக் கழற்றினார். ஹோன் பொத்தான் சுக்கானில் உள்ள வண்டிகளில் மின்கம்பி தண்டின் வழியாக ஓடுமாதலால் இது முதற்கடமை. பின்னர் முன்சில்லுகளை நேராக நிறுத்தி, வளையத்தின் நடுமூடியை நெம்பி எடுத்தார். வளையமும் தண்டும் சேரும் இடத்தில் இரண்டிலும் ஓர் அடையாளக் கீறல் இட்டார். வரிப்பற்கள் உள்ள தண்டில் வளையத்தை எப்பக்கமாகவும் பூட்டலாம். அடையாளம் இல்லாவிட்டால் பின்னர் வண்டி நேரே செல்லும்போது வளையம் கோணலாக நிற்கும்.

நட்டைத் தளர்த்தினாரேயன்றி முற்றாகக் கழற்றவில்லை. சில புரிகள் பற்றியிருக்கும்படி அதனை விட்டுவிட்டு, 'புல்லர்' என்னும் இழுவைக் கருவியைப் பூட்டி மெல்ல இறுக்கினார். 'டக்' என்ற ஒலியுடன் வளையம் விட்டது. நட்டு அங்கே இருந்தமையால் வளையம் துள்ளி முகத்தில் அடிக்கவில்லை. "சுத்தியலால் தட்டினால் விரைவில் வராதா?" என்று இளைஞன் கேட்டான். "வளையம் வரும், அதோடு தண்டின் புரியும் போகும், தாங்கு வளையமும் போகும்" என்று முதியவர் விடை கூறினார்.

தேய்ந்த தண்டை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த பற்களின்மேல் உருக்கை நிரப்பி அராவிவிடலாம் என்று வந்திருந்த ஒருவர் யோசனை சொன்னார். முதியவர் அதற்கு உடன்படவில்லை. சுக்கானைச் சேர்ந்த உறுப்புகளில் வெல்டிங் செய்தல் ஆகாது. வெப்பம் உருக்கின் குணத்தை மாற்றிவிடும். உள்ளே வெடிப்பிருந்தாலும் வெளியே தெரியாது. கதவுக்கும் மட்கார்ட்டுக்கும் பொருந்தும் வைத்தியம் இதற்குப் பொருந்தாது. ஆதலால், ஓடாமற் கிடந்த ஒரு மொறிஸ் மைனர் காரிலிருந்து நல்ல தண்டொன்றைத் தேடி எடுத்தார்கள். நேரான தட்டொன்றில் அதனை உருட்டி, வளைவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பற்சில்லின் அச்சிலுள்ள பற்கள் நல்லவேளையாகக் கெடவில்லை. உரிய போல்ட், புதிய நட்டு, புதிய வாசர் ஆகியவற்றைப் பூட்டினார்கள். போல்ட் பள்ளத்தின் வழியாகத்தான் செல்கின்றதா என்பதை விளக்குப் பிடித்து நமக்கும் காட்டினார்.

குழலின் மேல்முனையிலிருந்த தாங்கு வளையமும் தேய்ந்திருந்தது. வளையத்தை மேலும் கீழுமாக அசைத்தபோது கேட்ட 'கடகட' ஒலிக்குக் காரணம் அதுவே. பற்சட்டத்தின் ஒரு பக்கத்து இறப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த எண்ணெய் வடிந்திருந்தது. கிழிந்த உறையின் வழியே மண் புகுந்தால் பற்சட்டம் அரத்தாள் தேய்த்ததுபோல் தேய்ந்துவிடும். அதனையும் மாற்றி எண்ணெய் இட்டார்கள். இறுதியாக, முன்சில்லுகள் திரும்பும் இடத்திலுள்ள புரி மூட்டுகளுக்குக் கிறீஸ் ஏற்றினார். மொறிஸ் மைனர் வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது. 3000 மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் ஏற்றாவிட்டால் அந்தப் புரிகள் தேய்ந்து, ஒரு நாள் முன்சில்லு மடிந்து விழும். இவ்வண்டியின் பழைய பலவீனம் இது.

வளையத்தின் வைத்தியம்

எல்லாம் முடிந்த பின்னரே வளையத்தை எடுத்தார். நாம் சுற்றிய நாடாவை அவர் அவிழ்த்தபோது, அதன் கீழே மூன்று வெடிப்புகள் இருந்தன. நாம் அறிந்ததோ ஒன்றுதான்.

பழைய வளையங்கள் உள்ளே உருக்குக் கம்பியும் மேலே கடினமான பூச்சுப் பொருளும் கொண்டவை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் ஏறியும் இறங்கியும் வரும்போது உருக்கும் மேற்பொருளும் ஒரே அளவாக விரிந்து சுருங்குவதில்லை. மேற்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானும் சுருங்கும். உள்ளிருக்கும் உருக்கோ சுருங்காது. ஆதலால் மேற்பொருள் வெடிக்கின்றது. பெரும்பாலும் ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்திலேதான் வெடிப்புத் தோன்றும். வெடிப்பின் வழியே வியர்வையும் மழைநீரும் இறங்கி உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வெடிப்பு மேற்பொருளில் மட்டும் இருந்தால் திருத்தலாம். உருக்கு உடைந்திருந்தாலோ, ஆரக்கால் நடுக்குடத்தோடு சேரும் இடம் விட்டிருந்தாலோ, நடுக்குடத்தின் வரிப்பற்கள் தேய்ந்திருந்தாலோ அந்த வளையத்தை எறிந்துவிட வேண்டும். நம் வளையத்தில் உருக்கு நலமாகவே இருந்தது.

அவர் ஒவ்வொரு வெடிப்பையும் முக்கோண அரத்தால் அகலப்படுத்தி, உருக்குத் தெரியும் வரை வெட்டினார். குறுகிய வெடிப்புக்குள் பசை இறங்காது, அகலப்படுத்தினால்தான் பற்றிக்கொள்ளும். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நன்கு உலர்த்தினார். பின்னர் இரு பகுதிகளைச் சம அளவிற் குழைத்துப் பூசும் எபொக்சிக் களிம்பை வெட்டுக்குள் அமுக்கி, மேலே சிறிது மேடாக வைத்தார். ஒரு நாள் முழுவதும் தொடாமல் இறுக விட்டார். மறுநாள் முதலிற் கரடான அரத்தாளாலும், பின்னர் நீர் தொட்டு மெல்லிய அரத்தாளாலும் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓடவிட்டு, வெட்டின் இடம் விரலுக்குத் தெரியாத வரையில் நிறுத்தவில்லை. அதன்பின் அடிப்பூச்சும் மேற்பூச்சும் பூசப்பட்டன. இந்த வேலையை மட்டும் பொறுமையுள்ள மாணவர் எவரும் வீட்டிலேயே செய்யலாம். தண்டின் வேலையோ தேர்ந்த கையிடமே விடத்தக்கது.

புதிய வான் வைத்திருப்போருக்கு

ஜப்பானிய வான் வைத்திருப்போர், "இது பழைய வண்டிக் கதை; நமக்கு என்ன?" என்று எண்ணுதல் கூடாது. ஆட்டம் எல்லா வண்டிக்கும் வரும். ஆனால் புதிய வண்டியின் சுக்கானைத் தாமே கழற்ற முற்படலாகாது.

பழைய வண்டிகளில் தண்டு ஒரே உருக்குக் கோல். நேருக்கு நேர் மோதினால் அஃது ஓட்டுபவரின் மார்பை நோக்கி ஈட்டிபோல் வரும். இதனால் ஏற்பட்ட உயிரிழப்புகளைக் கண்டு, மோதும்போது தானே ஒடுங்கும் தண்டுகளை வகுத்தார்கள். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுக்கான கார்களில் இவை பரவலாக வந்தன. 1968ஆம் ஆண்டு முதல் அங்கே சட்டமே அதனை வேண்டியது. இத்தகைய தண்டைச் சுத்தியலால் தட்டினால், மோதும் வேளைக்காக வைத்த மென்மையான இணைப்பு கராஜிலேயே முறிந்துவிடும். மேலும், இன்றைய வளையத்தின் நடுவில் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அதிற் கைவைத்தால், அது வெடித்து விரிந்து முகத்தைக் காயப்படுத்தலாம். ஆகவே அளந்து பார்ப்பது நம் வேலை. கழற்றுவது அதனைக் கற்றவர் வேலை.

அடிமட்டமும் வெண்கட்டியும்

வான் வீட்டுக்கு வந்ததும் பேத்தி தன் அடிமட்டத்துடன் ஓடிவந்தாள். முன்போலவே கோடு இட்டு அளந்தோம். அரை அங்குலத்துக்கும் குறைவாக இருந்தது. "இனி வான் யோசிக்காது, அப்பப்பா" என்றாள். மகனோ முதல் இரண்டு நாளும் வளைவுகளில் தடுமாறினான். பழைய பழக்கத்தால் வளையத்தைக் கூடுதலாகத் திருப்பிவிடுகிறான். வானோ இப்போது உடனே கீழ்ப்படிகின்றது. குற்றத்துக்குப் பழகிய கை, குற்றம் நீங்கிய பின்னர் நல்லதற்குப் பழகவும் இரண்டு நாள் வேண்டியிருந்தது.

இப்பொழுது நம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஆட்டத்தை அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கின்றாள். கை மறந்துவிடும், எழுத்து மறவாது. இரண்டு மாதம் எண் ஒரே அளவாக இருந்தது. மூன்றாம் மாதம் கூடினால் அதே கிழமை கராஜுக்குப் போக வேண்டும் என்பது அவள் இட்ட கட்டளை.

வாசகர்களும் இன்று மாலை வெண்கட்டியும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு தம் வாகனத்தின் அருகே செல்வார்களாக. கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒரு சதமும் செலவில்லை. அன்றியும், வீட்டுக்கு வரும் விருந்தினர் எவராவது உங்கள் வாகனத்தை ஓட்டிவிட்டு ஏதேனும் குறை சொன்னால், "அது பழைய வண்டி, அப்படித்தான்" என்று வாயடைத்துவிட வேண்டாம். நம் மைத்துனர் அன்று சங்கடப்பட்டு வாய் திறவாமல் இருந்திருந்தால், இக்கட்டுரையை நாம் வேறு மனநிலையில் எழுத நேர்ந்திருக்கும். அல்லது எழுதாமலே விட்டிருப்போம்.

அந்த மெல்லிய போல்ட்டை முதியவர் நம்மிடம் தந்துவிட்டார். எழுதும் மேசையில் வைத்திருக்கின்றோம். 'இருப்பதைப் போட்டு இன்றைக்கே தாருங்கள்' என்று யாருக்கேனும் சொல்ல வாய் எழும்போதெல்லாம் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.